நீலம் சொன்ன உண்மை: அறிஞர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்

மனிதனின் பெயர் மறைந்து, அவன் செய்த நற்செயல் மட்டும் நிலைபெற்று நிற்றல் உலக வரலாற்றில் அரிதன்று. நிழல் தரும் மரத்தை நட்டவர் யாரென்று வழிப்போக்கர் கேட்பதில்லை. அறிவியல் உலகிலும் இந்நிலை உண்டு. நாள்தோறும் நாம் உட்கொள்ளும் மருந்துகளுக்கும், ஆய்வுக்கூடங்களில் மாணவர் கலக்கும் கரைசல்களுக்கும் பின்னால் ஒரு மனிதரின் உறக்கமற்ற இரவுகள் மறைந்து கிடக்கின்றன. அத்தகையோருள் ஒருவரே எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இவர் முற்றிலும் அயலார் அல்லர். பாபநாசம், அய்யம்பேட்டை, கும்பகோணம் ஆகிய ஊர்களில் வாழும் முதியோர் யானைக்கால் நோயை நன்கறிவர். கும்பகோணத்தின் பெயரோடு சேர்த்தே ஒரு காலத்தில் பேசப்பட்ட நோய் அது. இரவு நேரத்தில் வீடு தேடி வந்து விரல் நுனியில் குருதி எடுத்துச் சென்ற நலவாழ்வுத் துறைப் பணியாளர்களையும், பின்னர் வழங்கப்பட்ட வெண்ணிற மாத்திரைகளையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டைஎத்தில்கார்பமசின் என்னும் அம்மருந்து சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்தில் உருவானது. மூலக்கூறு உயிரியல் பயிலும் மாணவர் இன்று குளிர்பெட்டியில் உறைய வைத்துப் பாதுகாக்கும் ஏ.டி.பி. என்னும் பொருளைத் தசையிலிருந்து முதன்முதலில் பிரித்தறிந்தோருள்ளும் அவர் ஒருவர். இவ்விரண்டிற்கும் வேராக அமைந்தது ஓர் எளிய செயல்: கரைசலைப் பிழையறத் தயாரித்தல். அவ்வேரிலிருந்தே அவருடைய வாழ்வை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12 ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். தாயார் பெயர் வெங்கம்மா. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று சிறுவன் வீட்டை விட்டு ஓடியதாகவும், தாயார் அவனைத் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளியில் சேர்த்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பர். கணவரை இழந்த பின்னரும் அத்தாய் தம் அணிகலன்களை விற்று மகனைப் படிக்க வைத்தார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற சுப்பாராவ், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். தேர்வுத் தாளே ஒருவரின் முழு அளவையும் காட்டிவிடாது என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு பயின்றார். துறவு வாழ்வில் நாட்டங்கொண்டு இராமகிருஷ்ண மடத்தை நாடினார். தாயார் இசையாமையால் மருத்துவக் கல்வியில் தம் தொண்டைக் காண முற்பட்டார்.

சென்னையில் பட்ட இடர்கள்

சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் பயின்ற காலம் நாட்டு விடுதலை உணர்வு பொங்கியெழுந்த காலம். அறுவை மருத்துவக் கூடத்திற்குக் கதராடை அணிந்து சென்றமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு அவர் ஆளானார். எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. அரசு மருத்துவப் பணி கைகூடாமற் போகவே, சென்னையில் டாக்டர் இலட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார்.

இக்காலத்தில் அவர் குடும்பத்தின்மேல் பேரிடி ஒன்று விழுந்தது. ஸ்புரூ எனப்படும் கிராணி வகை நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரை எட்டு நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. அவரையும் அந்நோய் பற்றியது. இலட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்தெழுந்தார். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல் மனிதனை உருக்கிக் கொல்லும் அந்நோயின் காரணத்தை அன்று எவரும் அறிந்திலர். அந்த அறியாமையே அவரைக் கடல் கடக்கத் தூண்டியது எனலாம்.

மாமனாரும் காக்கிநாடாவின் அறக்கட்டளை ஒன்றும் பொருளுதவி செய்ய, 1922 ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரை அடைந்தார். இளம் மனைவி சேஷகிரியிடம் விரைவில் திரும்புவதாகச் சொல்லிச் சென்றவர் பின் ஒருபோதும் தாயகம் திரும்பவில்லை. அவர் முகங்காணாத மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். அரிய சாதனைகளின் விலையை வீட்டில் இருப்போரும் சேர்ந்தே செலுத்துகின்றனர் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

பாஸ்டனில் அவர் நிலை எளிதாக இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பயின்றுகொண்டே, மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் கழிகலங்களைக் கழுவிப் பிழைத்தார். மருத்துவம் கற்ற அவர் அவ்வேலையை இழிவென்று கருதவில்லை.

ஒரு கரைசலின் கதை

பட்டயம் பெற்ற பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரிடம் சுப்பாராவ் சேர்ந்தார். அவருக்கு இடப்பட்ட பணி, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் காணும் முறையைச் செம்மைப்படுத்துவது. பார்வைக்கு மிகச் சிறிய பணி. ஆயினும் எலும்பு, சிறுநீரகம் முதலிய உறுப்புகளின் நோயறிய அவ்வளவு தேவைப்பட்டது. அதற்கு முன் வழங்கிய பெல், டாய்சி ஆகியோரின் முறையிலும், அதனைத் திருத்திய பிரிக்ஸ் என்பாரின் முறையிலும் நிறம் தோன்றக் காலம் பிடித்தது, குறைகளும் இருந்தன.

பொருள்களை வகைப்படுத்திக் கருவிகளை விவரித்து வேதியியலை ஒழுங்குபடுத்திய ஜாபிர் இப்னு ஹய்யான், அர்ராஸி போன்ற முஸ்லிம் அறிஞர்களின் வழிவந்தது ஆய்வுக்கூடக் கலை. அக்கலையின் உயிர்நாடி அளவு. சுப்பாராவின் கையில் அது எவ்வாறு விளங்கிற்று என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பாஸ்பேட் கலந்த நீரில், அமிலத்தில் கரைத்த அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்தால் இரண்டும் கூடி ஒரு சேர்மம் உண்டாகும். அதனை ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தால் அழகிய நீல நிறம் தோன்றும். நீலத்தின் செறிவு பாஸ்பரசின் அளவைக் காட்டும். ஃபிஸ்கும் சுப்பாராவும் தேர்ந்தெடுத்த ஒடுக்கும் பொருள் அமினோநாப்தால் சல்போனிக் அமிலம். 1925 ஆம் ஆண்டு அமெரிக்க உயிர்வேதியியல் ஆய்விதழில் இம்முறை வெளியாயிற்று. இன்றும் அது ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே வழங்குகின்றது.

இதற்கு மூன்று கரைசல்கள் வேண்டும். முதலாவது, கந்தக அமிலத்தில் 2.5 விழுக்காடு அம்மோனியம் மாலிப்டேட். இங்கு அமிலத்தின் வலிமையே அனைத்தையும் தீர்மானிக்கின்றது. அமிலம் குறைந்தால் பாஸ்பேட் இல்லாத இடத்திலும் மாலிப்டேட்டே ஒடுங்கிப் பொய்யான நீலத்தைக் காட்டும். அமிலம் மிகுந்தால் நிறம் தோன்றச் சுணங்கும். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்பது மாணவர் முதல் நாளிலேயே கற்க வேண்டிய பாடம். மீறினால் கொதித்துத் தெறித்து முகத்தையே கருக்கிவிடும்.

இரண்டாவது, ஒடுக்கும் கரைசல். 15 விழுக்காடு சோடியம் பைசல்பைட் கரைசல் 195 மில்லிலிட்டரில் அமினோநாப்தால் சல்போனிக் அமிலம் 0.5 கிராம் இட்டு, 20 விழுக்காடு சோடியம் சல்பைட் கரைசல் 5 மில்லிலிட்டர் சேர்த்துக் குலுக்க வேண்டும். முழுதும் கரையாவிடில் சல்பைட் கரைசலை ஒவ்வொரு மில்லிலிட்டராக மட்டுமே கூட்ட வேண்டும். வேண்டுமளவிற்கு மேல் செல்லலாகாது. ஒளிபடாத பழுப்புப் புட்டியில் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். பழகிப்போனதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஒப்பிடுவதற்குரிய திட்டக் கரைசல். ஈரமற்ற பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.3509 கிராம் நிறுத்து, கெடாதிருக்கச் சிறிது கந்தக அமிலமும் சேர்த்து, காய்ச்சி வடித்த நீரால் ஒரு லிட்டராக்க வேண்டும். அவ்வாறு செய்தால் 5 மில்லிலிட்டரில் 0.4 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். நான்கு தசம இடங்கள் வரை எடை குறிக்கப்பட்டமை வீண் நுணுக்கம் அன்று. அந்த உப்பின் எடையில் ஏறத்தாழ 22.8 விழுக்காடே பாஸ்பரஸ். அதிலிருந்து கணக்கிட்டால் இந்த எண் வரும். திட்டக் கரைசல் பிழைபட்டால் அதனோடு ஒப்பிடப்படும் நோயாளிகள் அனைவரின் கணக்கும் பிழைபடும்.

பாத்திரங்களின் தூய்மையும் இதில் அடங்கும். பாஸ்பேட் கலந்த சோப்புத் தூளால் கழுவிய குடுவையில் அத்தூளின் சிறு எச்சம் இருப்பினும் நீலம் மிகும். ஆகவே அமிலத்தால் அலசி, வடித்த நீரால் பன்முறை கழுவ வேண்டும். மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசலையும் உடன்வைத்துப் பார்த்தால் குற்றம் வினைப்பொருளில் உள்ளதா என்பது விளங்கிவிடும்.

நிறம் தாமதித்தது ஏன்?

இத்துணைத் தூய்மையும் எதற்காக என்று வினவுவோர்க்கு அடுத்து நிகழ்ந்ததே விடை.

புதிய முறையைத் தசையின்மேல் செலுத்திப் பார்த்தபோது வியப்பான ஒன்று நிகழ்ந்தது. திட்டக் கரைசலில் நீலம் விரைந்து தோன்றி நிலைத்தது. புரதம் நீக்கிய தசை வடிநீரிலோ நீலம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே சென்றது. கவனமற்ற ஒருவர் கரைசல் கெட்டுவிட்டது என்று கூறி அதனைக் கொட்டியிருப்பார். தம் கரைசல்களைத் தாமே நிறுத்துக் கலந்து பலமுறை சோதித்திருந்த சுப்பாராவால் அவ்வாறு ஐயுற இயலவில்லை. கரைசல் சரியானது, எனவே தசையில்தான் ஏதோ ஒளிந்துள்ளது என்னும் முடிவுக்கு ஆய்வாளர் இருவரும் வந்தனர்.

ஒளிந்திருந்தது பாஸ்போகிரியேட்டின். கிரியேட்டினோடு பாஸ்பேட் இணைந்த அப்பொருள் அமில மாலிப்டேட்டில் சிறிது சிறிதாகச் சிதைந்து பாஸ்பேட்டை வெளியிட்டது. அதனாலேயே நிறம் தாமதித்தது. தசை சுருங்கி உழைக்கும்போது இப்பொருள் குறைவதையும், ஓய்வின்போது மீண்டும் பெருகுவதையும் அவர்கள் கண்டனர். 1927 ஆம் ஆண்டு இது வெளியாயிற்று. இங்கிலாந்தில் எக்லிட்டன் இணையரும் அதே காலத்தில் இத்தகைய பொருளைக் கண்டறிந்தனர்.

தசையின் ஆற்றல் லாக்டிக் அமிலம் உண்டாவதோடு பிணைந்தது என்பது அக்காலக் கொள்கை. தசை ஆய்வுக்காக 1922 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற ஹில், மேயர்ஹாஃப் ஆகியோரின் கருத்தே அன்று கோலோச்சியது. பாஸ்போகிரியேட்டினின் வருகையால் அக்கொள்கை ஆட்டங் கண்டது.

1929 ஆம் ஆண்டில் தசையிலிருந்து மற்றொரு பாஸ்பரஸ் சேர்மத்தையும் ஃபிஸ்கும் சுப்பாராவும் பிரித்தெடுத்தனர். அதுவே அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி. செருமனியில் கார்ல் லோமான் அதே ஆண்டில் தனியே இதனைக் கண்டறிந்து சற்று முன்னரே வெளியிட்டார். ஆகவே இப்பெருமை இரு சாராருக்கும் உரியது. உயிர்கள் அனைத்தும் உழைக்கவும் வளரவும் செலவிடும் ஆற்றல் நாணயம் ஏ.டி.பி. என்பது பின்னர் உறுதியாயிற்று.

இன்றைய மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் லைகேஸ் நொதிக்கும், டி.என்.ஏ.வின் முனையில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் நொதிக்கும் ஏ.டி.பி. வேண்டும். அதன் கரைசலைச் செய்வோர் இரண்டினை மறக்கலாகாது. ஏ.டி.பி.யின் டைசோடியம் உப்பை நீரில் கரைத்தால் அமிலத் தன்மை உண்டாகும். அந்நிலையில் அது சிதையும். ஆதலால் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாகச் சேர்த்து பி.எச். அளவை 7க்குக் கொணர்தல் வேண்டும். அடுத்து, அவ்வுப்பின் மூலக்கூறு எடை நீரற்ற நிலையில் ஏறத்தாழ 551. மூன்று நீர் மூலக்கூறுகளோடு கூடிய நிலையில் 605. புட்டியின் மேலுள்ள குறிப்பைப் படியாமல் ஒன்றிற்கு மற்றொன்றைக் கொண்டு நிறுத்தால் கரைசலின் வலிமை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பிழைபடும். செய்த கரைசலைச் சிறு குப்பிகளில் பகிர்ந்து, சுழிக்குக் கீழ் 20 பாகையில் உறைய வைத்து, ஒரு முறைக்கு ஒரு குப்பி என எடுத்தல் நன்று.

புகழும் புறக்கணிப்பும்

இத்துணைக் கண்டுபிடிப்புகளுக்குப் பின்னரும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அக்காலத்தில் அத்துறையில் பயின்றவர். சுப்பாராவ் பிரித்தறிந்த பொருள்கள் சில, ஃபிஸ்கின் பொறாமையால் வெளிவராமற் போய், பல ஆண்டுகளுக்குப் பின் பிறரால் மீண்டும் கண்டறியப்பட வேண்டியிருந்தன என்று அவர் கருதினார். சுப்பாராவோ தம் பெயரை முன்னிறுத்திப் போராடும் இயல்பினர் அல்லர். அவ்வடக்கம் பண்பு என்ற அளவில் போற்றத்தக்கதே. எனினும் அதனால் அறிவுலகம் அடைந்த இழப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உழைத்தவனுக்கு உரிய பெயரைக் கொடுத்தல் ஒருவர் காட்டும் கருணை அன்று. அது திருப்பிச் செலுத்தப்பட வேண்டிய கடன்.

1940 ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னுமிடத்தில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் முழுநேரப் பணியை ஏற்று, விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவருடைய வழிகாட்டலில் இயங்கிய குழுவினர் மருத்துவத்தின் போக்கையே மாற்றினர்.

மக்களுக்குக் கிட்டிய மருந்துகள்

பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் குருதிச் சோகையை ஈஸ்ட் சாற்றால் தீர்க்கலாம் என்று லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் முன்னரே கண்டிருந்தார். அச்சாற்றிலிருந்த சத்துப் பொருள், 1941 ஆம் ஆண்டு பசலைக் கீரை இலையிலிருந்து எடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இதனைத் தூய்மையாகப் பிரித்து, செயற்கையாகவும் உருவாக்கிய பெருமை லெடர்லி குழுவினரைச் சாரும்; 1945 இல் அது அறிவிக்கப்பட்டது. கியூபாவில் டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் ஸ்புரூ நோயாளிகளுக்கு அதனை அளித்தபோது அவர்கள் நலம் பெற்றனர். உடன்பிறந்தார் இருவரைக் கொன்ற நோய்க்கு, ஏறத்தாழ கால் நூற்றாண்டின் பின் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்தே மருந்து சென்றது.

ஃபோலிக் அமிலத்தின் வடிவில் சிறு மாற்றங்கள் செய்து அதன் எதிரிகளையும் அக்குழுவினர் படைத்தனர். வேகமாகப் பெருகும் புற்று அணுக்களுக்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. போலியைக் கொடுத்து அவற்றை ஏமாற்றலாம் என்பது கருத்து. அவ்வாறு பிறந்த அமினோப்டெரினை பாஸ்டன் குழந்தைகள் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குருதிப் புற்றுநோயால் வாடிய பிள்ளைகளுக்கு அளித்தார். 1948 ஆம் ஆண்டு சூனில் வெளியான அறிக்கையின்படி பதினாறு பிள்ளைகளுள் பதின்மருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. புற்றுநோய்க்கு மருந்தே இல்லை என்றிருந்த உலகிற்கு அது புதிய விடியல். அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்கு வாதத்திற்கும் பயன்படுகின்றது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். யானைக்கால் நோய்க் கிருமியின் நுண்புழுக்கள் இரவு நேரத்திலேயே தோலுக்கடியில் உள்ள குருதிக் குழாய்களில் மிகுதியாக உலவும். நலவாழ்வுப் பணியாளர் இரவில் வந்தமைக்குக் காரணம் இதுவே. சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அவற்றை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டுசெல்கின்றது. 1947 ஆம் ஆண்டு லெடர்லி ஆய்வுக்கூடம் அளித்த டைஎத்தில்கார்பமசின், ஹெட்ரசான் என்னும் வணிகப் பெயரோடு வெளிவந்தது. வாய்வழி உட்கொண்டால் குருதியிலுள்ள நுண்புழுக்களை அது அழிக்கும். வீங்கிப்போன காலைப் பழைய நிலைக்கு அது மீட்காது. நோய் அடுத்தவருக்குப் பரவுவதைத் தடுக்கும். நம் அண்டையிலுள்ள காரைக்காலில் 1980களில் உணவு உப்பிலேயே இம்மருந்தைக் கலந்து வழங்கும் திட்டம் நடந்தது. 2004 ஆம் ஆண்டு முதல் நாடளவில் ஆண்டுக்கொரு முறை மாத்திரை வழங்கும் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் இந்நோயை முதியோரின் கால்களில் மட்டுமே காண்கின்றனர் எனில், அதற்குரிய நன்றியில் ஒரு பங்கு சுப்பாராவுக்குச் சேரும்.

அவருடைய தலைமையில் இயங்கிய அதே நிறுவனத்தில், முதிய தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டார். டெட்ராசைக்ளின் இன மருந்துகளுள் முதலாவதாகிய அது 1948 ஆம் ஆண்டு சூலையில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

மறைவு

அறிவிப்பு வெளியான சில வாரங்களிலேயே, 1948 ஆம் ஆண்டு ஆகஸ்டில், சுப்பாராவ் மாரடைப்பால் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53. தாயகம் விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குச் சில நாள்களே எஞ்சியிருந்தன. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. பூஞ்சை இனம் ஒன்றிற்கு சுப்பாரோமைசெஸ் எனப் பெயரிட்டுப் பின்வந்தோர் நன்றி காட்டினர். பிறந்த நூற்றாண்டாகிய 1995 இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

மாணவர் கொள்ள வேண்டிய பாடம்

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று நிற்கின்றது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பர். கலமும் மரக்காலும் பொய்யாமல் இருந்தால்தான் அத்தகைய களஞ்சியத்தின் கணக்கும் பொய்யாமல் இருக்கும். அளவையிலும் நிறுவையிலும் நேர்மையைத் திருக்குர்ஆன் வலியுறுத்துவதை நாம் அறிவோம். அக்கட்டளை கடைத்தெருவுக்கு மட்டும் உரியதென்று நினைத்தல் பொருந்தாது. ஆய்வுக்கூடத்தில் உள்ள தராசுக்கும் அது பொருந்தும். பிறர் நம்பிப் பயன்படுத்தப்போகும் கரைசல் ஓர் அமானிதம். புட்டியின்மேல் பெயர், வலிமை, செய்த நாள், செய்தவர் பெயர் ஆகியவற்றைப் பொய்யின்றி எழுதுவது அவ்வமானிதத்தைக் காப்பதாகும்.

கரைசல் தயாரித்தலை மாணவர் பலர் சலிப்பூட்டும் எடுபிடி வேலையாக எண்ணுகின்றனர். கருவிகளும் ஆயத்தக் கலவைகளும் பெருகிவிட்ட இக்காலத்தில் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகின்றது. சுப்பாராவின் வாழ்வு அதனை மறுக்கின்றது. தம் கரைசல்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையே, தாமதித்துத் தோன்றிய நீலத்தைப் பிழையென்று தள்ளிவிடாமல் காத்தது. அந்நீலத்தின் வழியே பாஸ்போகிரியேட்டினும், அதன் பின்னே ஏ.டி.பி.யும் வெளிப்பட்டன.

தேர்வில் தோற்றவர், பட்டம் மறுக்கப்பட்டவர், கழிகலம் கழுவியவர், பதவி பெறாதவர் என்ற நிலைகள் அனைத்தையும் கடந்து, கையில் எடுத்த சிறு பணியைப் பிழையறச் செய்தவர் சுப்பாராவ். நம் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் தராசின் முன் நிற்கும் ஒவ்வொரு மாணவரும் மாணவியும் அவரை ஒரு கணம் நினைவு கூர்வாராக. அந்நினைவு அவர்தம் கையை நிதானப்படுத்தும்.